எந்தப் பட்டியலில்? சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பும் ராக் இசையின் வரலாறும்



1973 அக்டோபர் 9ஆம் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் ஒரு கறுப்பினப் பெண் பக்கவாதத்தால் இறந்துபோனார். வயது 58. மறுநாள் அவருக்கு ஒலிப்பதிவு ஏற்பாடாகியிருந்தது. அந்நகரின் நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். தலைமாட்டில் கல் எதுவும் வைக்கப்படவில்லை. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கே படுத்திருப்பவர் யார் என்று சொல்ல ஓர் எழுத்தும் இல்லை.

அவர் பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். மின் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையின் முன்னால் நின்று, பாடிக்கொண்டே அதை வாசித்தவர். எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு வெளிவந்தது 1954இல். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே ரொசெட்டா ஒலிப்பதிவு செய்த ஒரு பாட்டை, ராக் அண்ட் ரோலின் முதல் தட்டு இதுதான் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். ‘முதல்’ என்ற பட்டத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. எந்த இசையும் ஒரு நாளில் ஒருவரிடம் பிறப்பதில்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்கான போட்டியில் அரை நூற்றாண்டு காலம் இவருடைய பெயர் ஏன் சேர்க்கப்படவே இல்லை என்பது கேட்க வேண்டிய கேள்வி.

அவரை மறந்துவிட்டார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். எனக்கு அது போதவில்லை. உயிரோடிருந்தபோது அவர் யாருக்கும் தெரியாதவர் அல்ல; விளையாட்டு மைதானத்தையே நிரப்பியவர். அவர் மறக்கப்படவில்லை, வேறு பட்டியலில் வைக்கப்பட்டார். ‘இன இசை’ என்றொரு பட்டியல், ‘தேவாலய இசை’ என்றொரு பட்டியல், ‘பெண் பாடகியர்’ என்றொரு பட்டியல். ராக் இசையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தவர்கள் அந்தப் பட்டியல்கள் எதையும் புரட்டவில்லை. பட்டியல் என்ற சொல்லின் கனம் தெரிந்தவர்கள் நாம். அதனால் இன்றைய உரையை அதைச் சுற்றியே அமைத்துக்கொள்கிறேன்.

ரொசெட்டா பிறந்தது 1915 மார்ச் 20ஆம் தேதி, ஆர்கன்சா மாநிலத்தில், காட்டன் பிளாண்ட் என்னும் சிற்றூரில். ஊரின் பெயரே ‘பருத்திச் செடி’. தாய் கேட்டி பெல் நூபினும் தந்தை வில்லிஸ் அட்கின்ஸும் பருத்தி பறிக்கும் தொழிலாளர்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன; நிலம் மட்டும் கைமாறவில்லை. அந்தப் பகுதியில் நடந்தது நம் வாரச் சாகுபடியை ஒத்த ஒரு முறை. விதை, ஏர், மாடு, குடிசை எல்லாம் நிலக்காரருடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு. மீதிப் பாதியிலிருந்து, அவருடைய கடையில் ஆண்டு முழுக்க வாங்கிய மாவுக்கும் உப்புக்கும் துணிக்கும் கடன் கழிக்கப்படும். கணக்கு நோட்டு அவர் கையில். ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் உழுதவனே பாக்கிக்காரன். கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்பது உயிருக்கு ஆபத்தான காரியம்.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதே மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ரொசெட்டாவுக்கு நான்கு வயதாக இருந்தபோது, 1919 செப்டம்பர் 30ஆம் தேதி இரவு, ஃபிலிப்ஸ் மாவட்டத்தில் எலெய்ன் என்ற ஊருக்கு அருகே, பருத்திக்கு நியாயமான விலையும் ஒழுங்கான கணக்கும் கேட்டுச் சங்கம் கட்டிய கறுப்பினக் குடியானவர்கள் ஒரு தேவாலயத்தில் கூடினார்கள். அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்து வந்த நாட்களில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டங்கள் சுற்றுவட்டாரம் முழுவதும் கறுப்பர்களை வேட்டையாடிக் கொன்றன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பல நூறு பேர் என்றும் சொல்கிறார்கள். சரியான எண்ணிக்கையை யாரும் எடுக்கவில்லை. வழக்கு நடந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் கறுப்பர்கள். உச்ச நீதிமன்றம் வரை போராடித்தான் அவர்களின் உயிரைக் காப்பாற்ற முடிந்தது.

சிறுமி ரொசெட்டாவின் குடும்பத்துக்கும் எலெய்னுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் காதில் முதலில் விழுந்த பாட்டு எந்த மண்ணிலிருந்து எழுந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கூடிப் பேச, பாட, அழ அந்த மக்களுக்கென்று இருந்த ஒரே கூரை தேவாலயம்தான். அந்தக் கூரைக்கும் பாதுகாப்பு இருந்ததில்லை.

தாய் கேட்டி பெல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ரொசெட்டாவைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இந்தத் தாயை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கேட்டி பெல் மாண்டலின் வாசிப்பார், பாடுவார், பிரசங்கம் செய்வார். அவர் சேர்ந்திருந்தது சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் என்ற பெந்தெகொஸ்தே சபை. சார்லஸ் ஹாரிசன் மேசன் என்ற கறுப்பினப் போதகர் நிறுவியது. படித்த, வசதியான கறுப்பர்களின் பழைய சபைகள் அடங்கிய குரலில் பாடிக்கொண்டிருந்தபோது, ஏழைகள் நிறைந்த இந்தச் சபையில் கைதட்டினார்கள், ஆடினார்கள், டாம்பரின், மத்தளம், கிதார், எக்காளம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தார்கள். நம்மூர் பெந்தெகொஸ்தே கூட்டங்களை அறிந்தவர்களுக்கு அந்தச் சத்தம் விளங்கும். ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே.

அந்தச் சபை பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்யவில்லை. ‘கற்பிக்கலாம்’, ‘சுவிசேஷம் அறிவிக்கலாம்’ என்றது. பெண்கள் அந்த இடுக்கு வழியாகவே நுழைந்தார்கள். தெருமுனையில், கூடாரத்தில், ஊர் ஊராகச் சென்று கற்பித்தார்கள். அதைக் கேட்டவர்களுக்குப் பிரசங்கத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கேட்டி பெல் அப்படிப் போனவர். கணவரை விட்டு, மகளை அழைத்துக்கொண்டு போனார். பருத்தி வயலையும் குடும்ப வாழ்க்கையையும் ஒருசேரத் துறப்பதற்கு அந்தக் காலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த கௌரவமான காரணம் ஊழியம். நான்கு வயதிலேயே கிதார் பிடித்த ரொசெட்டா, ஆறு வயதில் தாயோடு சேர்ந்து கூட்டங்களில் வாசித்தார். ‘பாடிக் கிதார் வாசிக்கும் அதிசயச் சிறுமி’ என்ற விளம்பரத்துக்குக் கூட்டம் வந்தது.

1920களின் நடுவில் தாயும் மகளும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். தெற்கின் வயல்களிலிருந்து வடக்கின் ஆலைகளுக்குக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் நகர்ந்துகொண்டிருந்த காலம். அவர்கள் சேர்ந்தது ராபர்ட்ஸ் டெம்பிள் என்ற தங்கள் சபையின் ஆலயத்தில். அந்த ஆலயத்தின் பெயரை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்துக் கொன்ற பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் உடலை, அவன் தாய் மாமி டில் பெட்டியைத் திறந்து உலகத்துக்குக் காட்டினாரே, அந்த இறுதிச் சடங்கு நடந்தது இந்த ஆலயத்தில்தான். ராக் இசையின் முக்கியமான கிதார் ஒன்று வளர்ந்ததும் சிவில் உரிமைப் போராட்டத்தைத் தட்டியெழுப்பிய சவப்பெட்டி வைக்கப்பட்டதும் ஒரே கூரையின் கீழ். இசை வரலாறு ஒரு புத்தகமாகவும் அரசியல் வரலாறு இன்னொரு புத்தகமாகவும் இருப்பதால் இந்த இரண்டும் சேர்த்துச் சொல்லப்படுவதில்லை.

சிகாகோவில் ஆலயத்துக்கு வெளியே வந்தால் ப்ளூஸும் ஜாஸும். தெற்கிலிருந்து வந்த அதே மக்கள்தான் சனிக்கிழமை இரவு அங்கே, ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே. தாளம் ஒன்று, சொல் வேறு. ரொசெட்டா இந்த உண்மையை மறைக்கவில்லை. அவர் செய்ததெல்லாம் அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

1934இல், பத்தொன்பது வயதில், தாமஸ் தோர்ப் என்ற தம் சபைப் போதகரை மணந்தார். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1938இல் கணவரை விட்டுவிட்டுத் தாயோடு நியூயார்க் போனார். கணவரின் குடும்பப் பெயர் மட்டும் எழுத்து மாறி ‘தார்ப்’ என்று ஒட்டிக்கொண்டது. அந்தத் திரிந்த பெயரையே கடைசி வரை வைத்துக்கொண்டார். சபை கொடுத்த ‘சிஸ்டர்’, கணவரிடமிருந்து தப்பாக எழுதி எடுத்துக்கொண்ட ‘தார்ப்’. இரண்டையும் சேர்த்து அவர் உண்டாக்கிக்கொண்ட பெயர் வேறு யாருக்கும் சொந்தமில்லாதது.

அதே 1938ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி டெக்கா நிறுவனம் அவருடைய நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தது. அதில் ஒன்று ‘ராக் மீ’. எழுதியவர் தாமஸ் டார்சி. ப்ளூஸ் பியானோக்காரராக இருந்து தேவாலய இசைக்கு வந்து, நற்செய்தி இசையின் தந்தை என்று பெயர் பெற்றவர். டார்சியின் பாட்டில் ‘ராக்’ என்பது கடவுளின் மடியில் தாலாட்டப்படுவது. அதே சொல்லுக்கு இரவு விடுதியில் வேறு அர்த்தம், உடல் சார்ந்த அர்த்தம். ரொசெட்டாவின் குரலில் இரண்டு அர்த்தமும் கேட்கும். பாட்டு விற்றது. சபையில் முணுமுணுப்பு எழுந்தது.

முணுமுணுப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் காப் காலோவேயோடு காட்டன் கிளப்பில் பாடினார். கறுப்பர்கள் மேடையில் ஆடலாம், பாடலாம், சமையற்கட்டில் வேலை செய்யலாம், மேசையில் உட்கார்ந்து பார்க்க வெள்ளையர்களுக்குத்தான் இடம் என்று பெயர் வாங்கிய விடுதி அது. பருத்திச் செடி என்ற ஊரில் பிறந்த பெண், பருத்தியின் பெயர் வைத்த விடுதியில் கடவுளைப் பற்றிப் பாடுகிறார், குடித்துக்கொண்டிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். சபைக்காரர்கள் கோபப்பட்டதை வெறும் பழமைவாதம் என்று என்னால் தள்ள முடியவில்லை. தங்களுடைய ஒரே புனித உடைமை வெள்ளைக்காரனின் கேளிக்கையாகிறது என்ற வலி அதில் இருந்தது. ரொசெட்டாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு: பிழைப்பு வேண்டும், பெரிய மேடை வேண்டும், தன் வாத்தியத்தின் எல்லை எது என்று தெரிய வேண்டும். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 23ஆம் தேதி, கார்னகி ஹாலில் ஜான் ஹாமண்ட் கறுப்பின இசைக்கென்று நடத்திய ‘ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்’ நிகழ்ச்சியிலும் வாசித்தார். ஒரே பெண், ஒரே கிதார், ஒரே ஆண்டில் ஆலயம், விடுதி, சபா மூன்றையும் பார்த்துவிட்டார்.

அவருடைய வாசிப்பில் அப்படி என்ன புதுமை என்று இசை படிக்காதவர்கள் கேட்கலாம். அதுவரை பெரும்பாலான இசைக்குழுக்களில் கிதார் துணைக்கு நிற்பது. தாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கும். முன்னால் எக்காளமும் சாக்ஸபோனும் பேசும். ரொசெட்டா கிதாரை இரண்டாவது குரலாக்கினார். ஒரு வரி பாடுவார், கிதார் பதில் சொல்லும். தந்திகளைத் திறந்த சுருதியில் கட்டி, ஒற்றைத் தந்தியில் வேகமாக ஓடி, ஸ்வரத்தை வளைத்து, பேசுவது போலவே இழுப்பார். ஆலயத்தில் பிரசங்கியார் ஒன்று சொல்ல, சபை பதில் குரல் கொடுக்குமே, அந்த முறை அது. சபைக்கு இருந்த இடத்தைக் கிதாருக்குக் கொடுத்துவிட்டார். பிறகு மின் ஒலிபெருக்கி வந்தது. அதைச் சத்தத்தைக் கூட்டும் கருவியாக மட்டும் அவர் பார்க்கவில்லை. தந்தி கரகரப்பதையும் வாசிப்பாக்கிக்கொண்டார். பின்னால் வந்த ராக் கிதார் கலைஞன் ஒவ்வொருவனும் மேடையில் செய்யும் பாவனைகள், காலை அகட்டி நிற்பது, தனி ஆவர்த்தனத்தில் தலையை நிமிர்த்துவது, எல்லாவற்றுக்கும் முன்மாதிரியை அவருடைய படங்களில் பார்க்கலாம்.

‘ஆம்பளை மாதிரி வாசிக்கிறாள்’ என்றுதான் அவரைப் பாராட்டினார்கள். ஆண்களோடு போட்டிக்கு நிறுத்திப் பார்த்தார்கள். எந்த ஆணும் தன்னைப் போல வாசிக்க முடியாது என்பது அவருடைய பதிலாகச் சொல்லப்படுகிறது. பதில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாராட்டு செய்த தீங்கு நீங்கவில்லை: கிதார் ஆணின் வாத்தியம், இவர் விதிவிலக்கு என்று முடிவாகிவிட்டது. விதிவிலக்குகளிலிருந்து யாரும் வரலாற்றைத் தொடங்குவதில்லை.

1944 செப்டம்பரில் அவர் பியானோக்காரர் சாமி பிரைஸோடு ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். பொருள் தேவாலயத்துடையது, பியானோ பூகி வூகி, நடுவில் மின் கிதார் துள்ளிக்கொண்டு வருகிறது. 1945இல் பில்போர்ட் பத்திரிகையின் வரிசையில் அது இரண்டாம் இடம் வரை ஏறியது. எந்த வரிசையில்? ‘ரேஸ்’ வரிசையில். அதாவது இன இசைத்தட்டுகள்.

1920களிலிருந்தே தட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களுக்கு விற்பதற்கென்று தனித் தொகுதி வைத்திருந்தன. தனி எண் வரிசை, தனி விளம்பரம், தனிக் கடைகள். ‘இனம்’ என்ற சொல்லைக் கறுப்பினப் பத்திரிகைகளும் அக்காலத்தில் பெருமையோடு பயன்படுத்தியதுண்டு. இனத்துக்காக உழைப்பவர் என்று தலைவர்களைப் போற்றினார்கள். அடையாளமாக நாம் எடுத்துக்கொள்ளும் சொல்லும் கிடங்கில் ஒட்டும் சீட்டும் ஒரே சொல்லாக இருக்க முடியும். யார் உச்சரிக்கிறார் என்பதில்தான் வேறுபாடு. 1949இல் பில்போர்ட் அந்த வரிசையின் பெயரை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது. சீட்டு மாறியது, அலமாரி மாறவில்லை. 1950களின் தொடக்கத்தில், கிளீவ்லாந்து வானொலியில் ஆலன் ஃப்ரீட் என்ற வெள்ளை அறிவிப்பாளர் அதே மாதிரியான இசையை ‘ராக் அண்ட் ரோல்’ என்று அழைத்துப் பரப்பினார். கறுப்பர் தெருவில் வெகுகாலமாகப் புழங்கிய சொல்தான். அதற்குப் பிறகுதான் அது வெள்ளைப் பிள்ளைகள் தங்கள் பணத்தில் வாங்கக்கூடிய சரக்கானது. பெயர் புதிதாக வந்தபோது, இசையும் அன்றுதான் பிறந்தது என்று எழுதிக்கொண்டார்கள்.

பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்த பாடகி எங்கே தூங்கினார், எங்கே சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தெற்கு மாநிலங்களில் சுற்றுப்பயணம் போகும்போது அவருக்கு ஓட்டலில் அறை கிடையாது. தன் பெயர் எழுதிய பேருந்து ஒன்றை வைத்துக்கொண்டு அதிலேயே தூங்கினார். உணவுவிடுதியில் முன்வாசல் மூடியிருக்கும். அவரோடு பயணம் செய்த ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளைப் பாடகர் குழு உள்ளே போய் உணவு வாங்கிக்கொண்டு பேருந்துக்கு வரும். விளம்பரத் தட்டியில் அவர் பெயர் மேலே, அவர்கள் பெயர் கீழே. சாப்பாட்டுக்கு அவர்கள் முன்வாசல், அவர் பேருந்து. அதே ஜோர்டனேர்ஸ்தான் 1956 முதல் எல்விஸுக்குப் பின்னணி பாடியவர்கள். ரொசெட்டாவின் கிதார் வாசிப்பை எல்விஸ் விரும்பிக் கேட்டார் என்பது அந்தக் குழுவினரே சொன்னது.

1940களின் பிற்பகுதியில் மேரி நைட் என்ற இளம் பாடகியோடு சேர்ந்து பாடினார். இருவர் குரலும் பதிவான ‘அப் அபவ் மை ஹெட்’ பெரிய வெற்றி. இரண்டு பெண்கள், ஆண் மேலாளர் இல்லாமல், காரிலும் பேருந்திலும் நாடு முழுக்கப் போனார்கள். அவர்களுக்குள் இருந்தது காதல் என்று அப்போதே பேச்சு உண்டு. மேரி நைட் அதை மறுத்தார். அதற்கு மேல் துருவுவதில் எனக்கு விருப்பமில்லை. இரண்டு பெண்கள் தங்கள் சொந்த உழைப்பில் வாழ்ந்தால் ஊர் என்ன பேசும் என்பது நமக்குத் தெரியாததா?

1951 ஜூலை 3ஆம் தேதி நடந்த கல்யாணம் ஒரு வேடிக்கையான வரலாறு. நிகழ்ச்சி அமைப்பாளர்கள் இருவர், விளையாட்டு மைதானத்தில் உன் கல்யாணத்தை டிக்கெட் போட்டு நடத்தலாம் என்றார்கள். ரொசெட்டா ஒப்புக்கொண்டார், அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை தேடினார். ரசல் மாரிசன் என்பவர் அமைந்தார். வாஷிங்டனில் கிரிஃபித் ஸ்டேடியம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்து வந்தார்கள், பரிசுப் பொருளோடு. தாலி கட்டு முடிந்த கையோடு என்று நம் வழக்கத்தில் சொல்லலாம், கல்யாண உடையிலேயே கிதாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார். டெக்கா அதையும் தட்டாகப் போட்டது. ராக் கலைஞர்கள் மைதானங்களில் வாசிக்கத் தொடங்கியது இதற்கு வெகுகாலம் கழித்து.

இனி, அவரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள். 1947 அக்டோபரில் ஜார்ஜியாவின் மேக்கன் நகர அரங்கில் நிகழ்ச்சி. அங்கே கோகோ கோலா விற்றுக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன், நிகழ்ச்சிக்கு முன் அவர் காதில் விழும்படி அவர் பாட்டையே பாடினான். ரொசெட்டா அவனை மேடைக்கு அழைத்துப் பாட வைத்து, முடிந்ததும் கையில் பணமும் கொடுத்தார். அந்தப் பையன் லிட்டில் ரிச்சர்ட்.

இன்னொருவர் ஜானி கேஷ். அவரும் ஆர்கன்சாக்காரர், அவரும் பருத்தி வயலில் வளர்ந்தவர், சிறுவயதில் தனக்குப் பிடித்த பாடகி ரொசெட்டா என்று சொன்னவர். ஆனால் இரண்டு பருத்தி வயல்களும் ஒன்றல்ல. கேஷ் குடும்பம் 1935இல் டைஸ் என்ற குடியேற்றத்துக்குப் போனது. பொருளாதார வீழ்ச்சியில் நொடித்த ஏழை விவசாயிகளுக்கு அரசாங்கம் நிலமும் வீடும் கோவேறு கழுதையும் கொடுத்து அமைத்த ஊர் அது. கேஷ் குடும்பத்துக்கு இருபது ஏக்கர் கிடைத்தது. வெள்ளைக் குடும்பங்களுக்கு மட்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. ஜானி கேஷின் வறுமை உண்மையானது. அவருடைய பாட்டிலும் அது உண்மையாகவே ஒலிக்கிறது. இருபது ஏக்கரும் உண்மை. ரொசெட்டாவின் குடும்பத்துக்கு அந்த மாநிலம் கொடுத்தது பருத்தி பறிக்கும் சாக்கு மட்டும்.

1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் நாடெங்கும் வெடித்தபோது ரொசெட்டாவுக்கு நாற்பது வயது. இளைஞர்களின் இசை என்று விற்கப்பட்ட ஒன்றுக்கு நாற்பது வயதுப் பெண்ணின் முகம் ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மேரி நைட்டோடு சேர்ந்து நேரடியாகவே ப்ளூஸ் பாட்டுகளைப் பதிவு செய்திருந்ததால் தேவாலயக் கூட்டமும் விலகிப் போயிருந்தது. உலகத்துக்கு அவர் தேவாலயப் பாடகி. தேவாலயத்துக்கு அவர் உலகத்தோடு போனவர். ஆணாகவும் வெள்ளையாகவும் இருந்த ஒரு கலைஞனுக்கு ‘எல்லைகளைக் கடந்தவன்’ என்ற புகழைத் தந்திருக்கக்கூடிய அதே குணம் அவரை இரண்டு வீட்டுக்கும் அந்நியராக்கியது.

1957இல் கிறிஸ் பார்பரின் அழைப்பில் இங்கிலாந்து போனார். பிறகு 1964 மே மாதம், மட்டி வாட்டர்ஸ் முதலியோரோடு மான்செஸ்டரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. இன்று இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்ப்பது இந்தப் படம்தான். அதன் மேடையைக் கவனித்துப் பாருங்கள். கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம். ஒரு நடைமேடையில் ஆங்கிலேய இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர் நடைமேடையை அமெரிக்கத் தெற்கின் பாழடைந்த கிராம நிலையம் போல ஜோடித்திருக்கிறார்கள்: மூட்டைகள், கோழிகள், கட்டிவைத்த ஆடு. அவர்கள் கற்பனையில் இருந்த கறுப்பின இசை அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். ரொசெட்டா குதிரை வண்டியிலிருந்து இறங்கி வருகிறார், நேர்த்தியான நீண்ட கோட்டு, வெள்ளை நிற கிப்சன் மின் கிதார். மழை பெய்துகொண்டிருக்கிறது. நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றிய ‘டிட்ன்ட் இட் ரெய்ன்’ பாட்டை எடுக்கிறார். அந்தக் கோழிகளுக்கும் மூட்டைகளுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. பருத்தி வயலைவிட்டு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெரு நகரங்களின் மின்சார இசையை உண்டாக்கியவர்களில் ஒருவரை, கிராமியக் கலைஞராகக் காட்டினால்தான் ரசிக்க முடிகிறது அன்பான ரசிகர்களுக்கு. நம்மூர்க் கலைவிழாக்களில் பறை வாசிக்க வரும் பட்டதாரி இளைஞர்களை வேட்டியை மடித்துக் கட்டித் தலைப்பாகை கட்டச் சொல்லும் அமைப்பாளர்களைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களோடு நமக்கு உள்ள உறவு பழையது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்கு அவர்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டது. அவர்களுடைய அரசியலையும் இலக்கியத்தையும் நாம் தேடிப் படித்த அளவுக்கு இசையைப் படிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கடைசி ஆண்டுகள் சுருக்கமானவை. பிலடெல்பியாவில் வசித்தார். தாய் கேட்டி பெல் 1968இல் இறந்தார். அந்த அம்மையாரும் 1960இல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு ஒரு தட்டுப் பாடியிருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவைக்கிறேன். 1970இல் ரொசெட்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. நீரிழிவால் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் உட்கார்ந்து பாடினார். பிறகு, முதலில் சொன்ன அந்தக் கல்லறை.

1986இல் ராக் அண்ட் ரோல் புகழவை தன் முதல் பட்டியலை வெளியிட்டது. எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் எல்லோரும் இருந்தார்கள். ஒரு பெண்கூட இல்லை. 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை ரொசெட்டாவுக்குத் தபால்தலை வெளியிட்டது, மஹாலியா ஜாக்சன் முதலியோரோடு நற்செய்திப் பாடகியர் வரிசையில். 2007இல் கேல் வால்ட் என்ற பேராசிரியர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. தேடிப் போய் ஆட்களைப் பார்த்து எழுதிய புத்தகம். அதன் பிறகுதான் பலருக்கும் கண் திறந்தது. 2008 ஜனவரியில் ரசிகர்கள் ஒரு கச்சேரி நடத்திப் பணம் திரட்டிக் கல்லறைக்குக் கல் வைத்தார்கள்.

2018இல் புகழவையில் அவரைச் சேர்த்தார்கள். அலபாமாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண் கிதார் கலைஞர் பிரிட்டனி ஹோவர்ட் அன்று மேடையேறி அவருடைய பாட்டை வாசித்தார். ரொசெட்டா கையில் பணம் கொடுத்து மேடையேற்றிய பையன் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ‘கலைஞர்கள்’ பிரிவில் உள்ளே போயிருந்தார். ரொசெட்டாவை வைத்த பிரிவின் பெயர் ‘தொடக்ககாலத் தாக்கம்’. அதாவது இவர் ராக் கலைஞர் அல்லர். ராக் கலைஞர்கள் மேல் தாக்கம் செலுத்தியவர். மின் கிதாரோடு 1944இல் பதிவான அந்தத் தட்டைக் கேட்டவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மாணவ நண்பர்கள் ஒலிபெருக்கியைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டை இப்போது போடச் சொல்கிறேன். மூன்று நிமிடம்கூட இல்லை. நடுவில் பாட்டு நின்று கிதார் தனியாக வரும் இடத்தைக் கவனியுங்கள். கேட்டுவிட்டு விவாதத்துக்குப் போகலாம்.